சிறிய கப்பலில் ஸ்வால்பார்ட்: நம்மவர் போகலாமா?

2025 ஆகஸ்ட் 22, பதுளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

வட துருவப் பக்கம் ஐம்பது அறுபது பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் சிறிய கப்பல்களைப் பற்றி வாசித்தேன். வெள்ளைக்காரப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆயிரக்கணக்கானோர் போகும் பெரிய கப்பலில் இருந்து பார்த்தாலும் அதே மலை, அதே பனிதானே? பிறகு எதற்குக் கூடுதல் பணம்? போய் வந்த தமிழர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2025 ஆகஸ்ட் 22, இரவு

நான் போய் வந்தேன், தம்பி. சென்ற மாதம்தான். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் உடன்பிறந்த தம்பி நோர்வேயின் வட கோடியில் மீன் பதனிடும் ஆலையில் முப்பது வருடங்களுக்கு மேல் உழைத்தவன். அவன்தான் பணம் கட்டினான், அவன்தான் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தான். ஆகவே நான் பணக்காரன் இல்லை. ஆனால் இது மலிவான பயணம் என்றும் சொல்ல மாட்டேன்.

பெரிய கப்பலில் அதே மலை தெரியும். தூரத்தில் தெரியும். ஸ்வால்பார்ட் வட துருவப் பக்கம் இருக்கும் நோர்வேத் தீவுக்கூட்டம். 2025 ஜனவரி 1 முதல் அதன் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையவே கூடாது என்று நோர்வே சட்டம் போட்டுவிட்டது. தீவுக்கூட்டத்தின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறது. அங்கேயும் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. குறித்துக்கொடுத்த 43 இடங்களில் மட்டும்தான் பயணிகளைக் கரையிறக்கலாம்.

எங்கள் கப்பலில் அறுபது பேர்கூட இல்லை. காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை, ரப்பர்ப் படகில் பத்துப் பத்துப் பேராக இறங்குவோம். வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முன்னால் போய்க் கரையைப் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் நாங்கள் காலை வைக்கலாம். பனிக்கரடிக்கு 300 மீட்டருக்குள் போகக் கூடாது. கடல் அமைதியாக இருந்தது, வாந்தி மயக்கம் எதுவும் இல்லை.

இன்னும் கேட்க வேண்டியது இருந்தால் கேளுங்கள்.

2025 ஆகஸ்ட் 24

விசாவைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் இதில் நான் ஏறக்குறைய பயணத்தையே இழந்திருப்பேன்.

ஸ்வால்பார்ட் நோர்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆனால் ஷெங்கன் வலயத்துக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு, வெளியே இருக்கிறது. அந்தத் தீவுக்கென்று விசா தேவையில்லை. போகிற வழிக்குத்தான் தேவை. ஒஸ்லோவில் இறங்கி அங்கிருந்து ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லோங்யியர்பியனுக்கு விமானம் ஏறும்போது நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி வரும்போது மறுபடியும் நுழைகிறீர்கள். அதனால் நம் நாட்டுக் கடவுச்சீட்டுக்கு இரண்டு முறை நுழையும் விசா கட்டாயம்.

கொழும்பில் எனக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுத்த முகவர் ஒருமுறை நுழையும் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டார். ஸ்டிக்கரைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "அண்ணா, இதோடு போனால் நீங்கள் கரடியோடுதான் இருக்க வேண்டும்" என்று தொலைபேசியில் சத்தம் போட்டான். மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், ஐந்து வாரம் தூக்கமில்லை. முகவரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

2025 ஆகஸ்ட் 25

ஒரு திருத்தம். 300 மீட்டர் என்று எழுதியது நான் போன ஜூலை மாதத்துக்குத்தான் சரி. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். கனடாவில் இருந்து கேட்டவர் மே மாதம் போவதாக இருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வால்ரஸ் படுத்திருக்கும் கரைக்குப் படகு 150 மீட்டருக்குள் போகக் கூடாது.

2025 ஆகஸ்ட் 28

யாரோ குளிருக்கு என்ன உடை என்று கேட்டார்கள். ஜூலையில் பூச்சியத்துக்கு மேல் நாலைந்து பாகை இருக்கும். மார்கழி விடியலில் நுவரெலியாவில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பயப்பட வேண்டாம். காற்றுத்தான் வெட்டும், காற்றுப் புகாத மேலங்கி முக்கியம்.

உடையைவிட அந்த உடைக்கு நடந்த சோதனையைப் பற்றித்தான் சொல்ல ஆசைப்படுகிறேன். முதல் நாள் எல்லோரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். சப்பாத்து, காற்சட்டையின் மடிப்பு, பையின் அடிப்பகுதி, ஒட்டுப்பட்டி எல்லாவற்றையும் தூசு உறிஞ்சும் கருவியாலும் தூரிகையாலும் சுத்தப்படுத்தச் சொன்னார்கள். என் மேலங்கி தொழிற்சாலையில் போட்டதுதான். பையின் தையலைப் புரட்டினேன். தேயிலைத் தூள், சாம்பல் நிறத்துப் பஞ்சு, அவற்றோடு இரண்டு புல் விதைகள். மானாப்புல். எங்கள் மலையிலிருந்து ஒஸ்லோ வழியாக அங்கே வரை வந்திருந்தது. பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பெண் அவற்றை ஒரு சிறு கிடுக்கியால் எடுத்து, உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டி, ஒரு உறைக்குள் போட்டு மூடினாள். ஏளனமோ கோபமோ முகத்தில் இல்லை. மருந்தகத்தில் மாத்திரை எண்ணுகிற கவனம்.

எங்கள் மலையகத்து ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் முள்ளுச்செடியைப் பார்த்திருப்பீர்கள். கோர்ஸ் என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது, இன்றைக்கும் பிடுங்கிக்கொண்டே இருக்கிறோம். அதனால் அந்தப் பெண் ஏன் இரண்டு விதைக்கு அவ்வளவு மெனக்கெட்டாள் என்று எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 31

சரி, கரடியைப் பார்த்தீர்களா இல்லையா என்று எல்லோரும் ஒரே கேள்வியாகக் கேட்கிறீர்கள். பார்த்தேன். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

வடகரையில் லீஃப்டெஃபியோர்ட் என்று ஒரு இடம். ஃபியோர்ட் என்றால் மலைகளுக்கு நடுவே கடல் விரல் நீட்டியது போல நீண்ட நீர். அதன் முடிவில் மொனாகோ பனியாறு கடலுக்குள் இறங்குகிறது. காலை ஒன்பது மணி இருக்கும், ஆனால் மணிக்கு அங்கே அர்த்தமில்லை. ஏப்ரலின் பிற்பகுதியில் இருந்து ஆகஸ்டின் பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. சுற்றிலும் பனித்துண்டுகள் மிதந்தன. காது கொடுத்துக் கேட்டால் எல்லாத் துண்டுகளில் இருந்தும் ஒரு சடசடப்பு. சூடான சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம், ஆனால் மிக மெல்லியதாக. பனியாற்றுக்குள் அமுங்கிக் கிடந்த பழைய காற்று, பனி கரையக் கரைய வெடித்து வெளியே வருகிறது என்றார்கள். பல நூறு வருடத்துக் காற்று. படகோட்டி கையளவு துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். கண்ணாடி போல இருந்தது, உள்ளே ஊசி முனைக் குமிழ்கள் வரிசை வரிசையாக. காதில் வைத்தேன். விரல் மரத்துப்போகும் வரை வைத்திருந்தேன்.

இறங்கவிருந்த கரை எதிரே தெரிந்தது. சரளைக்கல், அதற்கு மேல் பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த ஒரு மேடு. இரண்டு வழிகாட்டிகள் முன்னமே போய் அரை மணி நேரம் பார்த்து, சரி என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் படகு கரையைத் தொட இருபது முழம்கூட இருக்காது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்புக்கு மேல் போட்டுவிட்டார்.

அப்போது கரையில் நின்ற அந்தப் பெண், விதையை எடுத்தாளே அவள்தான், வலது கையை உயர்த்தினாள். ஒரு வார்த்தை இல்லை. கத்தவில்லை. கை மட்டும் உயர்ந்தது. படகோட்டி உடனே இயந்திரத்தைப் பின்னுக்குத் திருப்பினார். விளிம்பில் கிடந்த காலை அந்த மனிதர் உள்ளே இழுத்துக்கொண்டார். கரையில் நின்ற இருவரும் முகத்தை மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து வந்து, தங்கள் படகில் ஏறினார்கள். எல்லாம் இரண்டு நிமிடம்.

மேட்டின் ஓரத்தில் ஒரு கல் இருந்தது. மற்றக் கற்கள் சாம்பல், இது மட்டும் பழைய தந்தத்தின் மஞ்சள். நாங்கள் விலகி, விலகி, 300 மீட்டரையும் தாண்டிப் போன பிறகு அந்தக் கல் தலையைத் தூக்கியது. எங்களை ஒரு முறை பார்த்தது. மறுபடி தலையை முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டது. அவ்வளவுதான். அது பள்ளத்தில் படுத்து உறங்கியிருக்கிறது, வழிகாட்டிகளின் கண்ணுக்கு முதலில் மறைந்திருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் கரையில் கால் வைக்கவே இல்லை. கப்பலுக்குத் திரும்பி, சூப் குடித்து, வேறு ஃபியோர்டுக்குப் போனோம்.

நாற்பது வருடம் தொழிற்சாலையில் இருந்தவன் நான். உருளையில் ஆள் கை மாட்டும்போது நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். நிறுத்தச் சொன்னால் முதலில் "எவ்வளவு கொழுந்து வீணாகும்" என்றுதான் மேலே இருந்து கேட்பார்கள். இங்கே ஒரு பெண் கையைத் தூக்கினாள், பணம் கட்டிய அத்தனை பேரும் திரும்பினார்கள், அவளிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் காலை மறக்காது.

2025 செப்டம்பர் 1

"இவ்வளவு பணம் கட்டிக் கரடியின் தலையை மட்டும் பார்த்தீர்களா" என்று எழுதியவருக்கு. ஆம். அது எழுந்து ஓடியிருந்தால் நாங்கள் அதைத் துரத்தியதாக ஆகும். எங்களை நோக்கி ஓடிவந்திருந்தால் அதைச் சுட வேண்டி வந்திருக்கும். அது உறங்கியது. அந்த உறக்கம் கலையாததுதான் அங்கே எனக்குக் கிடைத்த பெரிய காட்சி.

2025 செப்டம்பர் 6

திருச்சியிலிருந்து ஒரு அம்மா, இந்திய ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறதாமே என்று கேட்டிருந்தார். இருக்கிறது. நி-ஓலெசுண்ட் என்னும் சிற்றூரில், ஹிமாத்ரி என்று பெயர், 2008இல் திறந்தது. வெளியில் நின்று பார்த்தேன். அந்த ஊரில் வானொலி அலைக் கருவிகள் இயங்குவதால், கப்பல் கரையை நெருங்குவதற்கு முன்பே எல்லோருடைய கைத்தொலைபேசியையும் ஃபிளைட் மோடுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஊரின் ஓரத்தில் ஒரு உயரமான இரும்புக் கம்பம் நிற்கிறது. 1926 மே மாதம் அமுண்ட்சனும் நொபிலேயும் நோர்கே என்ற வான்கப்பலை அதில் கட்டிவைத்து, அங்கிருந்துதான் வடதுருவத்துக்கு மேலாகப் பறந்து அலாஸ்கா போனார்கள். எல்லோரும் அந்தக் கம்பத்தைத்தான் படம் எடுத்தார்கள்.

என் கண் வேறு இடத்தில் நின்றது. நி-ஓலெசுண்ட் முன்பு நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 நவம்பர் 5ஆம் திகதி சுரங்கத்துக்குள் வெடித்து 21 பேர் இறந்தார்கள். சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். விசாரணை நடந்தது, பாதுகாப்பில் குறைகள் வெளிவந்தன, அரசாங்கம் பதில் சொல்ல வேண்டி வந்தது. 1963 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, கேர்ஹார்ட்சன் என்ற பிரதமரின் ஆட்சி கவிழ்ந்தது. ஒரு மாதத்தில் அவரே மீண்டும் வந்தார் என்பது வேறு கதை. இருபத்தொரு தொழிலாளிகளின் சாவுக்காக ஒரு ஆட்சி விழுந்திருக்கிறது.

இதைக் கேட்டபோது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் இருவரும் லயன் காம்பராவில், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டின் ஒரு அறையில், பிறந்தவர்கள். மேற்கொண்டு நாளைக்கு எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 7

லோங்யியர்பியனில் நாங்கள் தங்கிய விடுதி சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த நீளக் கட்டடம். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், நடுவே நடை. உள்ளே வெந்நீரும் மின்சாரமும் கம்பளமும் இருந்தாலும் அமைப்பு எனக்குத் தெரிந்த அமைப்பு. அந்த ஊரே 1906இல் லோங்யியர் என்ற அமெரிக்க முதலாளி நிலக்கரிக்காக ஆரம்பித்தது. ஊருக்கு அவர் பெயர்தான். கடைசியாக இயங்கிய ஏழாம் இலக்கச் சுரங்கத்தை 2025 ஜூனில் மூடினார்கள். நாங்கள் போகச் சில வாரங்களுக்கு முன்பு.

ஊருக்கு மேலே சுக்கர்தொப்பன் என்ற மலை. 2015 டிசம்பர் 19ஆம் திகதி அதன் சரிவில் இருந்து பனி பெயர்ந்து விழுந்து வீடுகளைத் தள்ளியது. இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சரிவின் கீழே இருந்த வீடுகளை அகற்றி, மலையில் தடுப்பு வேலிகள் போட்டு, மக்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டினார்கள். வேலிகள் வரிசை வரிசையாக நிற்பதை நான் விடுதி வாசலில் இருந்து பார்த்தேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் எங்கள் மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயன்களை மூடியது. எனக்குத் தெரிந்த ஒருவரின் அக்கா அங்கே இருந்தார். பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இல்லை. அது ஆபத்தான சரிவு என்ற பேச்சு அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இருந்தது. கையைத் தூக்கி எல்லோரையும் திருப்பி அழைத்துப்போக ஒருவர் இல்லை. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட சரிவுகளின் கீழே லயன்கள் இருக்கின்றன. மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் நான் உறங்குவதில்லை.

இது கப்பல் பயணத்தைப் பற்றிய இடம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் அங்கே கண்டதைத்தான் எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 14

முதல் நாள் "வாந்தி மயக்கம் இல்லை" என்று எழுதியிருந்தேன். தம்பி இதை வாசித்துவிட்டுத் திருத்தச் சொல்கிறான். ஃபியோர்டுகளுக்குள் அமைதி. ஆனால் மேற்குக் கரையில் திறந்த கடலைக் கடந்த இரவு அவன் படுத்த படுக்கைதான். வேர்க்கொம்பு தட்டிப் போட்ட வெறும் தேநீர் கொடுத்தேன். இரண்டு மிடறு நின்றது. மாத்திரையைக் கடல் குலுங்குவதற்கு முன்பே போட வேண்டும், பிறகு போட்டுப் பயனில்லை.

தேயிலை நான் கொண்டுபோனது. கப்பலில் இருந்தது பையில் அடைத்த தூள். மூன்றாம் நாள் சமையற்கட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் இளைஞர்களுக்கு நம் டிக்கோயாத் தேயிலையைப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒருவன் கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு மணந்தான். அடுத்த நாளில் இருந்து எனக்குச் சோறு வந்தது, கேட்காமலேயே.

மரக்கறிச் சாப்பாடு முன்கூட்டிச் சொன்னால் தருகிறார்கள்.

2025 செப்டம்பர் 20

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாசகர், கப்பல் என்றவுடன் வீட்டில் பாட்டி அழுகிறார் என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். எங்கள் அத்தை குடும்பம் 1973இல் போனது. எனக்குப் பதினைந்து வயது. அட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் போகிற ரயில் நின்றது. அதை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள், ஏனென்றால் அது ஸ்டேஷனை விட்டு நகரும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுகை. தலைமன்னாரில் இருந்து கப்பலில் ராமேஸ்வரம். அத்தை ஜன்னலால் கையை நீட்டி என் சட்டைக் கொலரைப் பிடித்தார். கோச்சி நகர்ந்தது. கொலர் கிழிந்தது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அதனால் அறுபத்தேழு வயது வரை நான் கப்பலில் ஏறவில்லை. கடலுக்குப் போகவே பிடிக்காது. லோங்யியர்பியன் துறையில் ஏணியில் கால் வைத்தபோது முழங்கால் நடுங்கியது; குளிர் என்று தம்பியிடம் சொன்னேன். கப்பலில் இருந்து ரப்பர்ப் படகுக்கு இறங்கும்போது கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடிப்பார்கள். அவர் உங்கள் மணிக்கட்டை, நீங்கள் அவர் மணிக்கட்டை. கை நழுவும், இது நழுவாது. முதல் முறை அந்தப் பிடி என் மேல் விழுந்தபோது எனக்கு அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது. படகோட்டி நான் பயப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

2025 ஒக்டோபர் 5

பதுளைத் தம்பி நேரடியாகக் கேட்டுவிட்டார்: "போகலாமா, போகக் கூடாதா?"

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஸ்வால்பார்ட் உலக சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது. பனியாறு முன்பு எங்கே நின்றது என்று வழிகாட்டிகள் கடல் நடுவே ஒரு இடத்தைக் காட்டினார்கள். நாங்கள் அங்கே மிதந்துகொண்டிருந்தோம். விமானத்தில் நான் போனதற்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். முன்னே வந்தவர்கள் செய்ததையும் பார்த்தேன். ஸ்மீரன்பேர்க்கில் பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் திமிங்கிலக் கொழுப்பை உருக்கிய அடுப்புகளின் வட்டம் இன்னும் மணலில் இருக்கிறது. சிந்திய எண்ணெயும் மணலும் சேர்ந்து சீமெந்து போல இறுகியிருக்கிறது. அந்தக் கடலில் திமிங்கிலம் ஏறக்குறைய அற்றுப்போகும் வரை பிடித்தார்கள். 1946க்கு முந்தைய எந்தப் பொருளையும் அங்கே தொடக் கூடாது, ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட.

சென்ற வாரம் வரை "போங்கள்" என்று எழுத நினைத்திருந்தேன். இன்றைக்கு இப்படிச் சொல்கிறேன்: ஒரு முறை போகலாம், 200 பேருக்குள் இருக்கும் கப்பலில் மட்டும், திரும்பச் சொன்னால் முகம் சுளிக்காமல் திரும்புவதானால். கரடியைக் கிட்டத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதற்காகப் போவதானால் வேண்டாம். நான் இரண்டாம் முறை போக மாட்டேன்.

2025 ஒக்டோபர் 12

நேற்றுப் பேத்தியை ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போனேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். நுழைவாயிலில் உத்தியோகத்தர் பையைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருந்த பொலித்தீன் தாளை உரித்து எடுத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் நேரம் போகிறது என்று முணுமுணுத்தார்கள். நான் என் பையின் மடிப்பையும் புரட்டிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, அது தேவையில்லை ஐயா என்றார்.

வாகனங்கள் நிற்கும் இடத்தில் ஒரு மரை நின்றது. பெரிய ஆண் மரை, கொம்பில் பனி ஈரம். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், கையில் பிஸ்கட். ஒரு இளைஞர் அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தார். அது பழகிவிட்டது, அசையவில்லை, பொலித்தீன் பையோடு சேர்த்துப் பிஸ்கட்டை மென்றது.

என் வாய் திறக்கும் முன்பே பேத்தி என் கையை விட்டாள். ஒன்பது வயது. முன்னால் போய் நின்று, வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். கரடிக் கதையைப் பலமுறை சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு சிங்கள அம்மா அவளைப் பார்த்தார், தன் மகனின் தோளைத் தொட்டுப் பின்னால் இழுத்தார். இன்னும் இரண்டு பேர் விலகினார்கள். பிஸ்கட் வைத்திருந்த இளைஞர் விலகவில்லை.

அவள் கை வலிக்கும் வரை அப்படியே நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று என் கையையும் தூக்கினேன்.